மாற்று டிரைவர்

கண்டக்டரம்மா பெரியவரின் தாடையை ஒரு கையால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் மழித்துக்கொண்டிருந்தாள். மூக்குக்குக் கீழே பிளேடு வந்ததும் அவரே மேலுதட்டை இழுத்துக் கொடுத்தார். இன்று மனிதர் சண்டை போட மாட்டார் என்று கணக்குப் போட்டாள்.

அவள் எந்த பஸ்ஸிலும் டிக்கெட் கொடுத்தவள் இல்லை. நோயாளியைப் புரட்டவும் துடைக்கவும் ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்தவள். கணவன் போன பிறகு, படுத்த படுக்கையானவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்துப் பிழைத்தவள். பெரியவரோ டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவள் தோளில் தொங்கிய பையைப் பார்த்து, முதல் நாளே கண்டக்டரம்மா என்று கூப்பிட்டார். செத்துப்போன மனைவியின் பெயர் மறந்துவிட்டது; இது மறக்கவில்லை. அவளும் திருத்தவில்லை.

மகன் முதியோர் இல்லத்தில் கட்டில் பேசி வைத்திருந்தான். பெரியவர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். எழுப்பப் போனால் கையை ஓங்குவார். மகனுக்கே ஒருமுறை உதடு கிழிந்தது.

"நீங்க ஒத்தை ஆள்தானே அக்கா. உங்களுக்கு ஒரு காய்ச்சல் வந்தா நான் என்ன பண்றது?"

"வெளியே கூட்டிட்டுப் போய் வம்பில்லாம கொண்டுவந்து சேர்த்தா, இங்கேயே இருக்கட்டுமா தம்பி?"

"முதல்ல கொண்டுவந்து சேருங்க. அப்புறம் பார்க்கலாம்."

அப்படி ஓர் இல்லத்தில் அவள் வேலை பார்த்திருக்கிறாள். அடம் பிடிப்பவரைத் துணியால் நாற்காலியோடு கட்டிவிடுவார்கள். கட்டிப்போட்ட கால் கொஞ்ச நாளில் நடையை மறந்துவிடும். தன் பிழைப்பும் போகும் என்ற கவலை அவளுக்கு இல்லாமல் இல்லை. ஆனால் அந்தத் துணிதான் முதலில் கண்ணில் வந்து நின்றது.

பழைய பஸ் டெப்போ ஒன்றை மியூசியம் ஆக்கியிருந்தார்கள். மழித்து முடித்ததும் மூவரும் அங்கேதான் போனார்கள். குதிரை இழுத்த வண்டி, டிராம், டிக்கெட் மெஷின் என்று வரிசையாக இருந்தன. விசிலோடு நின்ற மெழுகு கண்டக்டரைப் பெரியவர் ஏற இறங்கப் பார்த்தார்.

"கூட்டம் ஏறுது, மரம் மாதிரி நிக்கிறான் பாரு."

மகன்கூடச் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பெரியவர் பக்கத்தில் நின்ற பழைய பஸ்ஸில் ஏறி, டிரைவர் சீட்டில் அமர்ந்துவிட்டார்.

மூடும் நேரம் வந்தது. அவர் இறங்கவில்லை. காவலாளி வந்து கெஞ்சிப் பார்த்தார்.

"ஐயா, இந்த வண்டியில இன்ஜினே கிடையாது."

"அதான் இழுக்க மாட்டேங்குது."

மகன் தோளைத் தொட்டான். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன. "நடுவழியில வண்டியை விட்டுட்டு வரச் சொல்றியாடா!"

"பார்த்தீங்களாக்கா? இதுக்குத்தான் சொன்னேன்" என்றான் மகன்.

அவள் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டு நாற்காலியின் கையையும் இப்படித்தான் பிடிப்பார். படியில் ஏறி நின்று கேட்டாள்.

"ஐயா, யார் வந்தா இறங்குவீங்க?"

"மாத்துற டிரைவர் வரணும். சீட்டைக் காலியா விட்டுட்டுப் போனா மெமோ கொடுப்பான். புதுசா கேக்குற?"

அவள் மகனைப் பார்த்துத் தலையசைத்தாள். அவன் காவலாளியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், பிறகு மெல்லச் சொன்னான்.

"மாத்த வந்திருக்கேன்."

பெரியவர் உடனே எழுந்துவிட்டார். "பிரேக் இடது பக்கம் இழுக்கும். பார்த்து ஓட்டு." மகன் சீட்டில் உட்கார்ந்த பிறகே படியிறங்கினார்.

திரும்பும்போது காரின் பின்சீட்டில் அவர் தூங்கிவிட்டார். கண்டக்டரம்மாவுக்குப் பேச்சு நிற்கவில்லை.

"அந்த நாற்காலியும் அவருக்கு டிரைவர் சீட்டுதான் தம்பி. நாமதான் முட்டாள்தனமா மல்லுக்கட்டியிருக்கோம். இனிமே குளிக்கவோ சாப்பிடவோ, மாத்த ஆள் வந்தாச்சுன்னு சொன்னாப் போதும்."

"எங்கே உட்கார்ந்திருந்தாலும் எழுந்துருவாராக்கா?"

"எழுந்துருவார்" என்றாள். சொல்லும்போது பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை, பெரியவர் டீ குடித்து முடிப்பதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. மகன் அலமாரியைத் திறந்து துணிகளைப் பெட்டியில் அடுக்கினான்.

"வம்பில்லாம கொண்டுவந்து சேர்த்தோமே தம்பி" என்றாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. எனக்கு வேற வழி தெரியலை. அவரைக் குண்டுக்கட்டாத் தூக்கிட்டுப் போறதான்னுதான் இத்தனை நாளாத் தள்ளிப்போட்டேன். நேத்துதான் நீங்க வழி காட்டினீங்க."

அவள் தரையைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டாள். மகன் நாற்காலியின் முன்னால் போய் நின்றான்.

"மாத்த வந்திருக்கேன்."

பெரியவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். "வாசக்கதவு ஒட்டும். தூக்கித் தள்ளணும்" என்று மகனிடம் ஒப்படைத்துவிட்டுத் தானாகவே நடந்தார். படியருகே நின்று திரும்பினார்.

"கண்டக்டரம்மா, நீ வரலையா?"

"எனக்கு இன்னும் டூட்டி முடியலை ஐயா. நீங்க கிளம்புங்க."

கார் போனது. அவள் படுக்கை விரிப்பை உருவி ஊறவைத்தாள். ரப்பர் ஷீட்டைக் கழுவிக் கொடியில் போட்டாள். அவர் குடித்த டம்ளரைத் தேய்த்துக் கவிழ்த்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்து வாசக்கதவை இழுத்தாள். ஒட்டியது. தூக்கி இழுத்துப் பூட்டினாள்.