அழ விடாத தெரு

குழந்தையின் இதய அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, வீட்டில் எல்லாரும் அதை மறக்க ஆரம்பிக்கும் நேரம் பார்த்துப் போய்க் கதவைத் தட்டுவதுதான் எங்கள் வேலை. கைக்குழந்தையாக இருக்கும்போதே நெஞ்சைத் திறந்து அறுவை செய்துகொண்ட பிள்ளைகள் பிறகு வயதுக்கேற்பப் பேசுகிறார்களா, நடக்கிறார்களா, சொல்வதைக் கவனிக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் பயிற்சிக்கு வரவழைக்க வேண்டும். விருதுநகரில் சின்ன மையம். பிசியோதெரபி பார்க்கும் ஜெயந்தி அக்கா, வாரத்துக்கு ஒருமுறை வரும் குழந்தை மருத்துவர், பிள்ளைகளுக்குப் பேச்சும் கைவேலையும் பழக்குவதால் டீச்சர் ஆகிவிட்ட நான். சுகமாக இருக்கிற பிள்ளையை எதற்குச் சோதிக்க வேண்டும் என்ற கேள்விக்கு வாசலில் நின்று பதில் சொல்லிப் பழகியவர்கள் யாராவது இதைப் படித்தால், என் அலுப்பை விளக்க வேண்டியிருக்காது.

கனிஷ்காவின் கதையில் முதல் பகுதி நான் பார்த்ததல்ல. நான் வேலைக்குச் சேரும் முன்பு நடந்தது, ஜெயந்தி அக்கா சொல்லிக் கேட்டது. அவர் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பக்கத்து வீடுகள்

கனிஷ்காவுக்கு வீடு சிவகாசி பக்கம் விஸ்வநத்தத்தில். அம்மா முத்துமாரி பட்டாசுக் கம்பெனியில் திரி வேலை பார்த்தவர். அப்பா செல்வம் லோடு வேன் ஓட்டுகிறார். பிறந்த சில வாரங்களில் மதுரையில் அறுவை சிகிச்சை. வீட்டுக்கு அனுப்பும்போது, பிள்ளையை அழ விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். நெஞ்செலும்பு கூடும் வரைக்கும் என்பதுதான் அர்த்தம். ஆனால் எதுவரைக்கும் என்று இவர்கள் கேட்கவில்லை. தெருவே அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. பட்டாசால் பிழைக்கிற அந்தத் தெருவில் தீபாவளிக்குக்கூட யாரும் வெடி போடுவதில்லையாம். கண்மாய்க்கரைக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவார்களாம்.

ஜெயந்தி அக்கா போனபோது கனிஷ்காவுக்கு இரண்டு வயது ஆகியிருந்தது. அம்மாவின் இடுப்பிலிருந்து இறக்கித் தரையில் நிற்க வைத்திருக்கிறார். பிள்ளையின் உதடு பிதுங்கியதுதான் தாமதம், பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் ஓடி வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் பிள்ளையைப் பறித்து இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாராம்: "அவ அழுதா தையல் பிரிஞ்சிரும்னு பெரிய டாக்டரே சொல்லியிருக்காரு. நீங்க எந்தூரு டாக்டரு?"

தலையில் என்ன

அதற்குப் பிறகு அவர்கள் மையத்தின் பக்கமே வரவில்லை. நான் சேர்ந்ததும் அந்தப் பெயர் என் பொறுப்புக்கு வந்தது. கனிஷ்காவுக்கு அப்போது நாலு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. போன் போட்டால் அணைத்து வைத்திருப்பார்கள், அல்லது செல்வம் அண்ணன் லோடு ஏற்றிக்கொண்டிருப்பார். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். நான் சொல்வதை ஒருவர் நம்பாவிட்டால் வருத்தம்தான். உடனே நம்பிவிட்டால் அதைவிடப் பயம். அதனால் ஒவ்வொரு வார்த்தையையும் யோசித்துப் பேசி, எதிரில் இருப்பவரின் பொறுமையைச் சோதிப்பேன்.

ஒரு நாள் செல்வம் அண்ணன் போனில் பிடி கொடுத்தார். இதயக் கோளாறோடு பிறக்கும் பிள்ளைகளில் சிலருக்கு மூளைக்குப் போதிய ரத்தமும் ஆக்சிஜனும் கிடைக்காமல் இருந்திருக்கலாம், இதயத்தைச் சரிசெய்த பிறகும் பேச்சோ கைவேலையோ கவனமோ தாமதமாகலாம், எல்லாருக்கும் அப்படி ஆகாது, பார்த்தால்தான் தெரியும் என்று விளக்கினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். எனக்கே நிம்மதியாக இருந்தது. கடைசியில் சொன்னார்: "ஹார்ட்டுல ஓட்டைன்னாக, அடைச்சாச்சு. இப்பத் தலையில எங்கன ஓட்டைன்னு கூப்பிடுதீக?"

கம்பெனி லீவு

தீபாவளி சீசனில் இந்தப் பக்கம் யாரையும் பார்க்க முடியாது. தீபாவளி முடிந்து கம்பெனிகள் மூடியிருக்கும் நாட்கள்தான் எங்களுக்குச் சீசன். அப்படி ஒரு மதியம் சிவகாசியில் பஸ் மாறி, கட்டைகளும் படங்களும் நிறைந்த பையைத் தூக்கிக்கொண்டு போனேன். திட்டவில்லை. குடிக்கக் கலர் வாங்கித் தந்தார்கள்.

சோதனை நடக்கவில்லை. உன் பெயர் என்ன என்று பிள்ளையிடம் கேட்டால் முத்துமாரி அக்கா சொன்னார். இது என்ன படம் என்றால் செல்வம் அண்ணன் சொன்னார். கட்டையை அடுக்கு என்றால் இருவரும் சேர்ந்து அடுக்கினார்கள். கனிஷ்கா அப்பா மடியில் சாய்ந்து, வேண்டியதைப் பார்வையால் காட்டினாள். தண்ணீர் வந்தது, பிஸ்கட் வந்தது, மின்விசிறி கூடியது. பேசுவாளா என்று கேட்டேன். ஒன்றிரண்டு வார்த்தை சொல்வாள், சேர்த்துச் சொல்ல மாட்டாள் என்றார்கள். அவளால் முடியவில்லையா, அவளுக்குத் தேவைப்படவில்லையா என்பதை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் தானாகக் கேட்கும் வரை கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். செல்வம் அண்ணனுக்குப் பெருமையாகிவிட்டது. "அவ எதுக்கு டீச்சர் கேக்கணும்? புருவத்தத் தூக்குனாப் போதும், எங்களுக்கு வெளங்கிரும்."

தெருமுனை

பஸ் ஏற்றிவிட முத்துமாரி அக்கா கூட வந்தார். வீட்டுக்குள் வாய் திறக்காதவர், தெருமுனை தாண்டியதும் பேச ஆரம்பித்தார். வருகிற ஜூனில் பிள்ளையைத் திருத்தங்கலில் ஒரு பள்ளியில் சேர்க்க நினைத்திருக்கிறார். பள்ளியில் யாரும் புருவத்தைப் பார்த்துத் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை இவளைவிடச் சின்னது, அது வாய் ஓயாமல் பேசுகிறது என்றார். மையத்துக்கு வருகிறேன், ஆனால் தெருவில் ஹார்ட்டு செக்கப் என்றுதான் சொல்லுவேன் என்றார். பொய்க்கு உடந்தையாவதா என்று நான் யோசித்ததைப் பார்த்துவிட்டார்.

"மூளைக்குப் பாக்கப் போறோம்னு மட்டும் யாருட்டயும் சொல்லிராதீக டீச்சர். அந்தப் பேரு ஒருதரம் விழுந்துட்டா, நாளைக்கு அவ கலெக்டரே ஆனாலும் அதச் சொல்லித்தான் கூப்பிடுவாக."

டப்பாவுக்குள் கோழிக்குஞ்சு

மையத்தில் ஜெயந்தி அக்காவுக்கு ஒரு வழி உண்டு. மூடி இறுகிய கண்ணாடி போன்ற டப்பாவுக்குள் சாவி கொடுத்தால் ஓடும் கோழிக்குஞ்சு பொம்மையைப் போட்டுப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுவார். பெற்றோர் வெளியே இருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் பிள்ளை கேட்கும் வரை திறக்கக் கூடாது. முத்துமாரி அக்கா கனிஷ்காவைக் கூட்டி வந்த அன்று உள்ளே இருக்க வேண்டியவள் நான்.

கனிஷ்கா புருவத்தைத் தூக்கினாள். நான் சுவரைப் பார்த்தேன். டப்பாவை என் மடியில் வைத்தாள். நன்றாக இருக்கிறதே என்றேன். உதடு பிதுங்கியது, பிறகு அழுகை. அந்தத் தெருவே சேர்ந்து இத்தனை வருஷம் தள்ளிப்போட்ட அழுகை அது. இதயம் எப்போதோ சரியாகிவிட்டது, ஒன்றும் ஆகாது என்று மருத்துவர் பரிசோதித்துச் சொல்லியிருந்தும் என் கை மூடியின் பக்கம் போனது, இழுத்துக்கொண்டேன். கதவுக்கு வெளியே முத்துமாரி அக்காவின் செருப்புச் சத்தம் இங்கும் அங்கும் நடந்தது. உள்ளே வரவில்லை. கடைசியில் பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, டப்பாவை எடுத்து என் முன்னால் நீட்டி, அவள் அப்பா வேனில் சாமான் இறக்கும் ஆட்களை அதட்டும் அதே குரலில் சொன்னாள்: "ஏலே, தொற."

பங்கு

இரண்டு வார்த்தை சேர்ந்துவிட்டது என்று ஜெயந்தி அக்கா சிரித்தார். மருத்துவர் சிரிக்கவில்லை. காது நன்றாகக் கேட்கிறது, ஆனால் பேச்சும் விரல் வேலையும் கவனமும் வயதுக்குப் பின்னால் இருக்கின்றன, வாராவாரம் பயிற்சிக்கு வர வேண்டும் என்றார்.

முத்துமாரி அக்கா என்னைத் தனியாக அழைத்துப் போனார். பிள்ளை இப்படி ஆனது நோயாலா, தான் அழ விடாமல் வளர்த்ததாலா என்று கேட்டார். இல்லை அக்கா, உங்களால் இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் அன்று நிம்மதியாகத் தூங்கியிருப்பார். என்னால் சொல்ல முடியவில்லை. இப்படிப் பிறக்கும் சிலருக்கு வயிற்றில் இருக்கும்போதே மூளை வளர்ச்சி பின்தங்கலாம், அதில் உங்கள் தவறு ஒன்றுமில்லை என்றேன். வாய்விட்டுக் கேட்கவும் நடக்கவும் பழக்கமில்லாமல் போனதும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம், எது எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"சரி. என் பங்க நான் சரி பண்ணிக்கிடுதேன். மத்த பங்குக்கு நீங்க வழி பாருங்க."

தண்ணீர்ச் சண்டை

அவர் பங்குதான் கஷ்டமான பங்கு. வாயால் கேட்டால்தான் தண்ணீர் என்று வீட்டில் வைத்தார். பக்கத்து வீட்டில் கனிஷ்கா புருவத்தைத் தூக்கியதும் சொம்போடு வந்துவிட்டார்கள். கொடுக்காதீர்கள் என்றதும் சண்டை. செல்வம் அண்ணனோ மனைவி பக்கமும் பேசவில்லை, தெருப் பக்கமும் பேசவில்லை, வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த முறை நான் போனபோது பழைய இடுப்பு அக்கா, அதாவது முன்பு ஜெயந்தி அக்காவை விரட்டியவர், என்னை வழியிலேயே நிறுத்தினார். "ஒரு வாய்த் தண்ணிக்குப் பெத்தவளே பச்சப்புள்ளையக் கெஞ்ச விடுதா. இவளுக்கும் ஹார்ட்டு இருக்கான்னு ஒருதரம் பாத்துட்டு வரச் சொல்லுங்க."

வகுப்பில்

ஜூனில் பள்ளியில் சேர்த்துவிட்டதாக முத்துமாரி அக்கா போனில் சொன்னார். நல்லா உக்காருதா, எல்லாத்தையும் கேட்டு வாங்குதா என்றார். சந்தோஷமாக இருந்தது. ஆனால் பெற்றோர் சொல்லும் 'நல்லா' என்ற சொல்லை அப்படியே நம்பக் கூடாது என்பது இந்த வேலையில் கற்றது. திருத்தங்கல் பக்கம் வேறொரு பிள்ளையைப் பார்க்கப் போன நாளில், முத்துமாரி அக்காவிடம் அனுமதி கேட்டுக்கொண்டு அந்தப் பள்ளிக்கும் போனேன். வகுப்பாசிரியைக்கும் என்னைப் போலச் சின்ன வயதுதான், என்னைப் போலவே களைத்திருந்தார். அவரிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: "உக்காருதா. ஆனா நாங்க சொன்ன எடத்துல இல்ல, அவ நெனச்ச எடத்துல."

ஆக நான் நேரில் போய்ச் சரிபார்த்த வரை, கனிஷ்கா பள்ளிக்குப் போகிறாள், கிரேயானை இன்னும் முழுக்கையால்தான் பிடிக்கிறாள், பயிற்சியை விடவில்லை. எங்கள் தொழிலில் இதைவிட நல்ல செய்தி வந்தால், தவறான எண்ணுக்குப் போன் போட்டுவிட்டோம் என்று அர்த்தம்.