உன் ஆட்கள் யார்?

அயர்லாந்தில் கார்க் நகரத்துக்கு நர்ஸ் வேலைக்கு வந்த முதல் வாரம். நான் அறை எடுத்திருந்த வீட்டின் சொந்தக்காரம்மா மோரின், டீயை ஊற்றிக்கொண்டே கேட்டார்: "ஹூ ஆர் யுவர் பீப்பிள்?" உன் ஆட்கள் யார் என்று அர்த்தம். கப்பை மேசையில் வைத்துவிட்டேன். இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்தும் இதுதானா என்றிருந்தது. "நர்ஸஸ்" என்றுதான் வாயில் வந்தது. வீட்டில் எல்லாருமேவா என்று அவர் ஆச்சரியப்பட்டார். அப்பா அம்மா இருக்கிறார்களா, கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்பதைத்தான் இங்கே அப்படிக் கேட்பார்கள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மதுரையில் அந்தக் கேள்வியை நேராகக் கேட்க மாட்டார்கள். ஊர் எது என்பார்கள். டி. கல்லுப்பட்டிப் பக்கம் என்றால், பக்கம்னா எது என்பார்கள். அதற்குப் பிறகு, அங்கே எந்தத் தெரு. உங்களில் அங்கே வீடு தேடி அலைந்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான். தொண்ணூறுகளின் கடைசியில் நானும் என் கணவர் செல்வமும் தேடியபோது, மூன்றாவது கேள்விக்குப் பிறகு எந்த வீடும் எங்களுக்குக் காலியாக இருந்ததில்லை. கடைசியில், என்னோடு வேலை பார்த்த ருக்மணி அக்கா கூட வந்தார். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர். தெப்பக்குளம் பக்கம் அவர் குடும்பத்தைத் தெரியாதவர்கள் இல்லை. அவர் சொன்ன சொல்லுக்காக, ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எதுவும் விசாரிக்காமல் மாடி வீட்டைக் கொடுத்தார்.

வாத்தியாருக்குச் சர்க்கரை. காலையில் டியூட்டிக்குக் கிளம்பும் முன் நான்தான் இன்சுலின் போடுவேன். "பாப்பா கை பட்டா ஊசியே தெரிய மாட்டேங்குது" என்பார். எட்டு மாதம் அப்படிப் போனது. அப்போது நான் முழுகாமல் இருந்தேன். என்னைப் பார்க்க அப்பா ஒரு பை நிறையக் கத்திரிக்காயோடு வந்தார். வாத்தியார் அவரைக் கீழேயே உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்திருக்கிறார். நான் படியிறங்கும்போது காதில் விழுந்தது.

"கல்லுப்பட்டிக்குக் கிழக்கவா? அங்க எந்தப் பக்கம் வீடு?"

"காலனிங்கய்யா" என்றார் அப்பா.

அவருக்கு மறைக்கத் தெரியாது. மறைக்கச் சொல்லி நானும் சொல்லிவைத்ததில்லை. பெற்ற அப்பாவிடம் அதை எப்படிச் சொல்வது?

மறுநாள் ஊசி போடும்போது வாத்தியார் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மாடிக்கு எம் மகன் வாரான் பாப்பா. மாசக் கடைசிக்குள்ள வேற எடம் பாத்துக்கங்க." கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை. நாங்கள் காலி செய்யும் நாள் வரைக்கும் காலையில் அந்தக் கை நீண்டது. நானும் ஊசி போட்டேன். ஏன் போட்டாய் என்று செல்வம் கேட்டார். நோயாளியாக மட்டும் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் உடனே வெளியே போகச் சொல்லிவிடுவாரோ என்ற பயமும் இருந்தது.

சாமான் ஏற்ற வந்த அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என்னாலயா தாயி?" என்றார்.

"இல்லப்பா. இங்க தண்ணி சரியா வாரதில்ல."

தலையாட்டினார். பிறகு நாங்கள் குடியிருந்த எந்த வீட்டுக்கும் அவர் வந்ததே இல்லை. பேத்தி பிறந்தபோதும் ஆஸ்பத்திரியிலேயே பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

போன மாதம் மோரின், முன்னறை வாடகைக்கு என்று ஜன்னலில் அட்டை வைத்தார். செல்வமும் மகளும் மதுரையிலிருந்து வரப்போகிறார்கள். நானே அதைக் கேட்கலாமா என்று தயங்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் ஒரு சின்ன வயசுப் பெண் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டினாள். அவள் இரண்டு வார்த்தை பேசியதுமே, அறை போய்விட்டது என்றார் மோரின். கதவைச் சாத்திவிட்டு என்னிடம் தாழ்ந்த குரலில், "டிராவலர்" என்றார். தலைமுறைகளாக வண்டிகளில் ஊர் ஊராகப் போய்ப் பிழைத்த மக்கள் அவர்கள். அவர்களும் அயர்லாந்துக்காரர்கள்தான்; பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. பேச்சை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்களாம்.

"அந்த மாதிரி ஆட்களை உள்ளே விட முடியுமா? உன் வீட்டுக்காரரும் பெண்ணும் வந்து இருக்கட்டும். நீங்கள் நல்ல மனிதர்கள்" என்றார்.

மோரினும் நல்லவர்தான். நான் காய்ச்சலில் கிடந்தபோது சூப் வைத்துக் கொடுத்தவர். அதனாலோ என்னவோ, "தேங்க் யூ" என்று மட்டும் சொன்னேன்.

டியூட்டிக்குக் கிளம்பி வெளியே வந்தால், அந்தப் பெண் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று குழந்தைக்குத் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அறை யாருக்குப் போனது என்று கேட்டாள். எனக்கு என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. "உனக்காவது கிடைத்ததே" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

மதிய இடைவேளையில், ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் போன் கூண்டிலிருந்து செல்வத்தைக் கூப்பிட்டு வீடு கிடைத்துவிட்டதைச் சொன்னேன்.

"நாம யாருன்னு கேட்டாங்களா?" என்றார்.

"இல்ல. அதெல்லாம் கேக்கல."

அவர் மூச்சு விடுவது கேட்டது. மகள் போனைப் பிடுங்கிக்கொண்டு, "அது நம்ம வீடாம்மா? யாரும் போகச் சொல்ல மாட்டாங்கல்ல?" என்றாள்.

"நம்ம வீடுதான். யாரும் சொல்ல மாட்டாங்க" என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டே, கூண்டின் கண்ணாடி வழியாக, தெருவில் தள்ளுவண்டியோடு போகிற ஒவ்வொருத்தியின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.