என் சக்களத்தி ஒரு லோடர்

முப்பத்தொரு வருஷம் என் வீட்டுக்காரர் சென்னை விமான நிலையத்தில் லோடர் ஓட்டினார். சரக்கு விமானத்தின் வாசல் உயரத்துக்குப் பெட்டிகளைத் தூக்கி ஏற்றுகிற டீசல் வண்டி அது. சாப்பாட்டு நேரத்திலும் பதினாலாம் நம்பர் லோடர் பேச்சுதான். "எனக்கு இரும்பில் ஒரு சக்களத்தி இருக்கிறாள்" என்று தெருவில் சொல்லிச் சிரிப்பேன். ஆனால் ஒரு நாளும் அவளைப் பார்த்ததில்லை. குடும்பத்தையெல்லாம் உள்ளே விடமாட்டார்கள்.

போன வியாழக்கிழமை, அவரோடு வேலை பார்த்த ஒருவர் போன் செய்தார். அந்த லோடர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பழைய இரும்பு யார்டு ஒன்றில் நிற்கிறதாம். திங்கட்கிழமை வெட்டப் போகிறார்களாம். பேசிவிட்டுப் போனை வைத்த என் வீட்டுக்காரர் தட்டில் கை வைக்கவில்லை.

"சனிக்கிழமை போலாங்க. என்னை அதுல ஒரு தபா தூக்கிக் காட்டுங்க. கல்யாணமான புதுசுல சொன்னீங்க இல்ல?" என்றேன். தலையாட்டினார்.

சனிக்கிழமை காலை 7.10க்குச் செவிலிமேட்டில் டவுன் பஸ். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு நான்கு கிலோமீட்டர். எனக்கு இலவசம், அவருக்குப் பத்து ரூபாய். இறங்கும் வரை அந்தப் பெருமையை நான் விடவில்லை. 7.45க்கு ஸ்ரீபெரும்புதூர் பஸ், ஆளுக்கு முப்பத்தைந்து. இடது பக்கம் உட்காருங்கள், வலது பக்கம் வெயில் அடிக்கும். 8.55க்கு இறங்கினோம். அங்கிருந்து யார்டு ஆறு கிலோமீட்டர், ஆட்டோ இருநூற்றைம்பது கேட்டது.

"பட்டுப்பொடவை கட்டிக்கினு பேரம் பேசுறியே ஆயா" என்றார் டிரைவர்.

"பட்டு என்னுது, காசு அவருதுப்பா" என்றேன். நூற்றெண்பதுக்கு வந்தார்.

யார்டைப் பார்த்துக்கொள்கிறவர் தாவூத் பாய். "பேட்டரி செத்துப்போச்சு பெரியவரே. நாலு மாசமா அது எழுந்திரிக்கல" என்று கடைசி வரிசையைக் காட்டினார். நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். வண்டியின் பக்கவாட்டில் இருந்த இங்கிலீஷ் புரியவில்லை, 14 மட்டும் தெரிந்தது. அவள்தான். மஞ்சள் பெயின்ட் உரிந்து, அகலமான மேடை தரையோடு தரையாய்ப் படுத்திருந்தது. மேடை நிறைய உருளைகள். பெட்டியை உள்ளே தள்ளுவது அவைதானாம்.

பாய் ஒரு லாரியிலிருந்து பேட்டரி கொண்டுவந்து மாட்டினார். இரண்டு தடவை இருமிவிட்டு இஞ்சின் நின்றது. "டீசல்ல காத்து பூந்துக்கிச்சு" என்று இவர் சட்டையைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டு, ஏதோ ஒரு திருகைத் தளர்த்தி, காற்றை வெளியே விட்டார். எழுபத்து மூன்று வயசுக்காரர், முட்டி வலியை அன்றைக்கு எங்கே வைத்தாரோ. 10.20க்குப் பிடித்துக்கொண்டது. குப்பென்று கரும்புகை.

அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு வயசு முப்பது ஆகிவிட்டது. எங்கள் வீட்டுக் கேரியரின் வாடை! தினமும் சோறு கட்டி அனுப்புவேன். திரும்பி வரும்போது மூடியெல்லாம் இதே நாற்றம். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் திட்டியிருக்கிறேன்.

இவர் இஞ்சின் மூடியைத் திறந்து, ஓரத்தில் ஒரு தட்டையான இடத்தைக் காட்டினார். "இங்கதான் வைப்பேன். பன்னெண்டு மணிக்கு, அடுப்புலருந்து எறக்குன மாதிரி இருக்கும்."

"இத்தினி வருஷமா ஏன் சொல்லல?"

"சொன்னா, இஞ்சினாண்ட சோறு வைக்காதேன்னுவ."

சொல்லியிருப்பேன்தான். கொண்டு போயிருந்த கோயில் இட்லிக் கேரியரை வாங்கி அதே இடத்தில் வைத்தார். நான் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடையில் ஏறினேன்.

"எறங்கு" என்றார்.

"ஏங்க?"

"மேடையில ஆள் இருந்தா தூக்கக் கூடாது. ஒரு ஆளைக் கூட நான் தூக்குனதில்ல."

"கல்யாணமான புதுசுல சொன்னது?"

"அப்ப எனக்கு வேலை தெரியாது."

பாய் சிரித்துவிட்டார். "திங்கக்கிழமை வெட்டப்போற வண்டிக்கு இன்னா ரூல்ஸு பெரியவரே? அம்மா ஆசையா கேக்குது."

இவர் கை அசையவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. முதலில் கோபத்தில்; பிறகு, முப்பத்தொரு வருஷமும் இவர் முழு உடம்போடு வீடு வந்து சேர்ந்தது இந்தப் பிடிவாதத்தால்தானே என்று தோன்றி. இறங்கினேன். கேரியரை எடுத்து மேடை நடுவில் வைத்தேன். "இது சரக்குதானே? ஏத்துங்க."

ஹாரனை இரண்டு முறை அடித்தார். இடமும் வலமும் பார்த்தார். மேடைக்கு அடியில் இரும்புக் கால்கள் கத்தரிக்கோல் மாதிரி விரிந்து, பதினெட்டு அடிக்கு ஏறின. கேரியர் ஒரு இடத்திலும் ஆடவில்லை. இல்லாத விமானத்தின் வாசலுக்கு நேராக நிறுத்தி, கொஞ்ச நேரம் பிடித்துவைத்து, மெதுவாக இறக்கினார். நான் பார்க்க வந்தது அதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. 11.05க்கு இஞ்சினை நிறுத்திவிட்டு, மூன்று பேரும் இட்லி தின்றோம். சூடாகவே இருந்தது.

உங்கள் வீட்டிலும் இப்படிப் பழைய வண்டி ஓட்டியவர் இருந்தால், முதல் நாளே யார்டுக்குப் போன் செய்து அனுமதி கேளுங்கள். தண்ணீர் எடுத்துப் போங்கள். கழிப்பறை பஸ் ஸ்டாண்டில்தான். செருப்பு வேண்டாம், மூடிய ஷூ போடுங்கள். பட்டு கட்டாதீர்கள், என் முந்தானையில் உள்ளங்கை அகலம் கிரீஸ். முக்கியமாக, அவரையும் கூட்டிப் போங்கள். தனியாகப் போனால் அது வெறும் இரும்பு.

திங்கட்கிழமை கடந்து இன்றோடு மூன்று நாள். கேரியரை நான் இன்னும் புளி போட்டுத் தேய்க்கவில்லை.