மில்லிமீட்டரக்காவும் மாமாவின் கஷாயமும்

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லாரும் மில்லிமீட்டரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மருந்துச் செடிகளின் சாறு கிருமிகளைக் கொல்லுமா என்று சோதிக்கிற இடம் அது. கிருமி தடவிய தட்டில், சாற்றில் ஊறி உலர்ந்த சின்னக் காகித வில்லை ஒன்றை வைப்பார்கள். சாறு வேலை செய்தால், மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் ஒரு வட்டம் தெளிந்து கிடக்கும். அந்த வட்டம் பதினேழரை மில்லிமீட்டர் இருந்தால் மற்றவர்கள் பதினெட்டு என்று எழுதுவார்கள். அவள் செத்தாலும் எழுத மாட்டாள்.

அவள் அங்கே சேர்ந்தது தட்டு கழுவத்தான். ஒருநாள் கழுவ வந்த தட்டைப் பார்த்துவிட்டுத் தலைமை விஞ்ஞானியிடம் போய், "மேடம், இந்த வில்லை சரியா காயவே இல்ல. கிருமியக் கொன்னது இலை இல்ல, சாறெடுக்க ஊத்துன ஸ்பிரிட்டு" என்றாள். மேடம் வில்லையை நன்றாக உலர்த்தி மறுபடி செய்து பார்த்தார். வட்டம் காணாமல் போயிருந்தது. அடுத்த மாதம் அவரே படிப்புக்கான விண்ணப்பத்தை வாங்கிவந்து நீட்டினார். படித்து முடித்துப் பரிசோதகராகி இப்போது பன்னிரண்டு வருஷம்.

அவளுடைய அக்கா புருஷன் மூலிகைக் கடை வைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை காலை, காய்ந்த இலை நிரம்பிய பையோடு வந்து நின்றார்.

"வயித்துக் கோளாறுக்கு இந்த இலைக் கஷாயம்தான். நான் ஒரு வருஷமா தினம் குடிக்கிறேன். கல்லு மாதிரி இருக்கேன் பாரு. நல்லதுன்னு ஒரு வரி எழுதிக் குடும்மா."

"சோதிச்சுத் தரேன் மாமா. எழுதறது அப்புறம்."

சொந்தக்காரர் சரக்கு என்று யாரும் வாய் திறக்கக் கூடாது என்பதில் அவள் குறியாக இருந்தாள். மேடத்திடம் விஷயத்தைச் சொல்லி, வேறு இரண்டு இலைகளையும் சேர்த்து, மூன்று பைக்கும் அவரையே எண் போடச் சொன்னாள். எது மாமாவுடையது என்று அவளுக்குத் தெரியாது. மூன்றில் இரண்டாம் எண் மட்டும் எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. வயிற்றுக் கிருமி வளர்ந்த தட்டில் இருபத்தொன்றரை மில்லிமீட்டர். மூன்று முறை செய்தும் அதே அளவு.

இரண்டாம் எண் மாமாவுடையதுதான் என்று மேடம் சொன்னதும், அக்கா வழியாகச் செய்தி கடைக்குப் போய்விட்டது. அன்று மாலையே மாமாவின் போன் வந்தது.

"பாத்தியா! நான் சொன்னேன்ல? லேபிள் அச்சடிக்கக் குடுத்துட்டேன்."

"கிருமியக் கொல்லுதான்னு மட்டும்தான் பாத்திருக்கு மாமா. மனுஷனை விட்டு வைக்குதான்னு இன்னும் பாக்கல."

"இலைதானேம்மா, அது என்ன பண்ணும்?"

அடுத்த வாரம், தொண்ணூற்றாறு குழிகள் கொண்ட தட்டில் கல்லீரல் செல்களை வளர்த்து, கஷாயத்தைப் பல அளவுகளில் விட்டாள். கடைசியில் ஊற்றும் மஞ்சள் சாயத்தை உயிருள்ள செல்கள் ஊதாவாக மாற்றிவிடும், செத்தவை மாற்றாது. கஷாயம் படாத குழிகள் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தன. கிருமியைக் கொன்ற அளவில் கஷாயம் விழுந்த குழிகள் வரிசையாக மஞ்சளாகவே கிடந்தன. அறிக்கையைப் பற்றி அவளுக்கு ஒரு குழப்பமும் இல்லை. மாமா தினம் குடிக்கிறாரே என்பதுதான் பயம்.

நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். மாமா டம்ளரும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"மாமா, அதைக் கீழ வைங்க. நாளைக்குக் காலைல ரத்தம் குடுத்து ஈரலைப் பாக்கணும்."

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லா இருக்கிற மனுஷனை ஏன்டி நோயாளி ஆக்குற? தட்டுல நடந்தது உடம்புலயும் நடக்குமா?"

"நடக்காமலும் இருக்கலாம்க்கா. அதுக்குத்தான் ரத்தம் பாக்கச் சொல்றேன். சுத்தமா இருந்தா நானே வந்து உங்க ரெண்டு பேர்கிட்டயும் மன்னிப்புக் கேக்குறேன்."

அவள் குரலில் இருந்த திடத்தைக் கேட்டு மாமா டம்ளரைக் கீழே வைத்தார். மறுநாள் ரத்தத்தில் கல்லீரல் நொதிகளின் அளவுகள் இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு இருந்தன. டாக்டர் வேறு காரணங்களையும் தேடிப் பார்த்தார்; எதுவும் அகப்படவில்லை. "முதல்ல அந்தக் கஷாயத்தை நிறுத்துங்க" என்றார். ஒன்பது வாரத்தில் அளவுகள் இறங்கி இயல்புக்கு வந்தன. அக்கா போன் செய்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அன்னைக்கு உன்னைத் திட்டிட்டேன்டி" என்றாள். "விடுக்கா" என்றாள் இவள்.

இலையை அவள் குப்பையில் போடவில்லை. அதன் கஷாயத்தைப் பத்தில் ஒரு பங்காக நீர்க்கச் செய்து தோல் செல்களில் சோதித்தாள். செல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. புண்ணில் சீழ் வைக்கிற ஒரு கிருமி மட்டும் அடங்கியது, மற்றொன்று அசையவே இல்லை. அடங்கியதையும் அசையாததையும் அறிக்கையில் அப்படியே எழுதி, புண் கழுவ உதவுமா என்று மேலும் பார்க்கலாம், குடிக்க ஆகாது என்று முடித்தாள். மேடம் ஒரு சொல்லையும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டார்.

மாமா லேபிள் கட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் தள்ளிவிட்டார். போன வாரம் ஏதோ ஒரு வேரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கே வந்தார்.

"குடிக்கலாமா, தடவலாமா, தூரப் போடலாமா? நீயே சொல்லு தாயே. அதுவரைக்கும் மோந்துகூடப் பாக்க மாட்டேன்."