பதினோரு பேர், ஒரே கை

ஏலக் கம்பெனியின் மூன்றாம் மாடியில், ஜன்னல் இல்லாத அறை அவளுடையது. பழைய கிரிக்கெட் மட்டையோ பந்தோ சட்டையோ, எது விற்பனைக்கு வந்தாலும் அவள் பார்த்து அசல் என்று சொன்ன பிறகுதான் மேடை ஏறும். கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் ‘பூதக்கண்ணாடி’. வீட்டுக்குக் கூப்பிட்டால் ஷோகேஸைப் பார்த்து ஏதாவது சொல்லித் தொலைப்பாள் என்று, தெரிந்தவர்கள் அவளை விருந்துக்குக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி ஒருவன்தான். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவன் வீட்டில் சாப்பாடு, மாலை வரை அரட்டை.

அப்பா இறந்த மறுவருடம் தம்பி ஒரு மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அப்பா ஒரு பெரிய அணியின் உடைமாற்றும் அறையில் எடுபிடியாக இருந்தவர். அவர் விட்டுப்போன மட்டை அது. ஆட்டக்காரர்கள் பதினோரு பேரின் கையெழுத்தும் இருந்தது.

“மியூசியத்துக்குக் குடுக்கலாம்னு இருக்கேன்க்கா. உன் சர்ட்டிபிகேட் கேக்கறாங்க.”

லென்ஸில் பார்த்தாள். பெயர்கள் வேறு வேறு பக்கம் சாய்ந்திருந்தன. ஆனால் பேனா அழுந்திய இடமும் நின்ற இடமும் ஒன்றுதான். ஒவ்வொரு பெயரின் முடிவிலும் கோடு உள்ளே வளைந்து கொக்கி போட்டிருந்தது. பள்ளிக்கூட மார்க் அட்டையில் வருடக்கணக்காக அவள் பார்த்த கொக்கி.

“எல்லாம் ஒரே கைடா. அப்பா கை.”

“அப்பா கள்ளக் கையெழுத்து போட்டாருன்னு எழுதிக் குடுக்கப் போறியா?”

“இருக்கறதத்தான எழுத முடியும்?”

“எழுது. நல்லா எழுது. இனிமே வீட்டுப் பக்கம் வராத.”

போலி என்றே எழுதிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அடுப்படியிலேயே நின்றபடி சாப்பிட்டு முடித்தாள். மூன்று வருடம் போனது.

ஒருநாள் அதே அணியில் விக்கெட் கீப்பராக இருந்த பெரியவர் தன் கையுறைகளோடு வந்தார். அவள் தயங்கித் தயங்கி மட்டையைப் பற்றிக் கேட்டாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“அதுவா! ஒரு மேட்ச்சுக்கு கையெழுத்துக்குன்னு நூறு மட்டை வரும்மா. யாரு உக்காந்து போடறது? எல்லாத்தையும் எங்க ரூம்ல எடுபிடியா இருந்த அந்த மனுஷன் தலையில கட்டிடுவோம். ‘வேண்டாங்கய்யா, தப்புங்க’ன்னு கெஞ்சுவாரு. கேப்டன் விடமாட்டாரு.”

அவர் படியிறங்கும் முன்பே தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

“அப்ப சர்ட்டிபிகேட்ட மாத்திக் குடுப்பியா?”

“எப்படிடா மாத்தறது? கையெழுத்து அவங்களோடது இல்லையே.”

“சரிக்கா. சொன்னியே, அது போதும்.”

வைத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வா என்று சொல்லவில்லை.

அப்பா கையெழுத்துப் போட்ட அந்த மட்டைகளில் ஒன்றிரண்டு இப்போதும் எங்கிருந்தாவது அவள் மேசைக்கு வருகின்றன. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். போலி என்றுதான் எழுதுகிறாள். ஐந்து நிமிட வேலை. ஆனால் அன்றைக்கு மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு, மட்டையை மடியில் வைத்தபடி அரைநாள் உட்கார்ந்திருக்கிறாள்.