மாட்டு வாளிக்குப் போன பாஸ்தா தண்ணீர்

என் வீட்டுக்காரருக்கு வடுகபட்டிச் சந்தையில் பூண்டு வியாபாரம். கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கும் மூட்டையை அவிழ்ப்பதற்கு முன்பே மோந்து பார்த்துத் தரம் சொல்லிவிடுவார். அந்த மூக்கும் நாக்கும் வீட்டுச் சாப்பாட்டையும் விட்டுவைத்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து 'உப்பு கம்மி' என்று கேட்காமல் நான் ஒரு வேளைச் சோறு பரிமாறியதில்லை. ஒரு கல் கூடப் போட்டால் கரிக்கிறது என்பார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. 'அப்ப நீங்களே ஆக்கித் தின்னுங்க' என்று கரண்டியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.

போன வருஷம் அவருக்குத் தொண்டையில் கட்டி வந்து, மதுரையில் கரண்ட் வைத்தார்கள், அதுதான் அந்தக் கதிர்வீச்சு வைத்தியம். கட்டி கரைந்தது. கூடவே ருசியும் போய்விட்டது. கரண்ட் வைத்ததில் வாயில் வந்த புண்ணெல்லாம் ஆறின பிறகும், எதைக் கொடுத்தாலும் மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்றார். நாக்கு மெதுவாகத்தான் திரும்பும், அதுவரை உடம்பு இளைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், காரமும் புளியும் வேண்டாம் என்றார் டாக்டர். இவரோ கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். எதைப் போட்டாலும் நாலு வாய்தான், தட்டைத் தள்ளிவிடுவார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. அதைவிட, சாப்பாட்டில் ஒரு குறையும் சொல்லாமல் எழுந்து போனார் பாருங்கள், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இத்தாலியில் படிக்கிற மகளிடம் போனில் அழுதேன்.

"அழாதம்மா. இங்கன வீட்டுக்கு வீடு செய்ற பாஸ்தா ஒண்ணு இருக்கு. பூண்டு, எண்ணெய், உப்பு, அம்புட்டுத்தான். மொளகாய மட்டும் விட்ரு. நம்ம வீட்ல பூண்டுக்கா பஞ்சம்?" என்றாள்.

அவள் சொன்ன பக்குவம் நம் கைக்குத் தலைகீழாக இருந்தது. நமக்கு எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்தால்தான் சமையலே ஆரம்பம். அவளோ, காயாத எண்ணெயிலேயே சீவின பூண்டைப் போட்டு, அப்புறம் அடுப்பைச் சிறுசாக வைக்கச் சொன்னாள். பூண்டு சிவக்கவே கூடாதாம், வெளுப்பாக மெத்தென்று வெந்தால் போதுமாம். பாஸ்தாவைச் சேமியா மாதிரி பச்சைத் தண்ணீரில் அலசக் கூடாது. முக்கால் பதத்தில் வடித்து அந்த எண்ணெயில் போட்டு, அது வெந்த தண்ணீரிலேயே ஒரு கரண்டி விட்டுப் புரட்ட வேண்டும். தண்ணீரில் இறங்கின மாவு எண்ணெயோடு சேர்ந்து குழம்பாகப் பிடித்துக்கொள்ளும். "உப்பு அந்தத் தண்ணியிலயே இருக்கும், எண்ணெயில தனியாப் போடாத. தண்ணியக் கொட்டிராதம்மா" என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

மறுநாள் சோறு வடித்துவிட்டுப் பாஸ்தாவை வேகவைத்தேன். பக்கத்து அடுப்பில் கடலெண்ணெயில் பூண்டு மெதுவாக வெந்தது. வாசனை முன்னறை வரைக்கும் போயிருக்க வேண்டும். வாரக்கணக்கில் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காத மனுசர் வந்து நின்று, "இது பழைய சரக்குல்ல?" என்றார். நாக்கு போனாலும் மூக்கு வியாபாரத்தை விடவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் கேஸ்காரர் கூப்பிட்டார். "முக்கா வேக்காடு வந்ததும் வடிச்சு வைங்க, வந்துர்றேன்" என்று ஓடினேன். திரும்பி வந்தால் பாஸ்தா வடிதட்டில் இருந்தது. கீழே பாத்திரம் காலி.

"தண்ணி எங்கனங்க?"

"மாட்டு வாளியில ஊத்திட்டேன்."

பின்வாசலில் பக்கத்து வீட்டம்மாவின் வாளி எந்நேரமும் இருக்கும். அரிசி களைந்த தண்ணீர், மிஞ்சின கஞ்சி, காய்த்தோல் எல்லாம் அதில் சேர்த்து வைப்போம், அவர் வந்து மாட்டுக்கு எடுத்துப்போவார். மாவுத்தண்ணியைச் சாக்கடையில் ஊற்ற எங்கள் தெருவில் யாருக்கும் மனசு வராது. இவரும் கை பழகினபடி செய்துவிட்டார். எட்டிப் பார்த்தேன். வாழைக்காய்த் தோல் மிதந்தது.

"ஒங்க மக தலபாடா அடிச்சுக்கிட்டா! ஒரு வேல சொன்னா உருப்படியாச் செய்ய மாட்டீகளா?"

கத்திய பிறகுதான், நோயில் கிடந்து எழுந்த மனுசரிடம் கத்துகிறோமே என்று உறைத்தது. அவர் சிரித்தார். "விடு, மாடாவது ருசிச்சுக் குடிக்கட்டும்" என்றார்.

அடுப்பு மேடையில் அவருக்கென்று எடுத்து வைத்த சோற்றுக்கஞ்சி இருந்தது. புண் இருந்தபோது உப்புக்கூட எரிகிறது என்றார், அன்றிலிருந்து அவர் கஞ்சிக்கு நான் உப்புப் போடுவதில்லை. இதுவும் மாவுத்தண்ணிதானே என்று அதில் ஒரு கரண்டி எடுத்து எண்ணெயில் விட்டுப் புரட்டினேன். பளபளவென்று பிடித்துக்கொண்டது. தட்டில் போட்டு அவர் முன்னால் வைத்துவிட்டு, கவனிக்காதவள் மாதிரி பாத்திரம் துலக்கினேன்.

நாலு வாய் சாப்பிட்டார். கை நின்றது. தள்ளிவிடப் போகிறார் என்று நினைத்தேன். இன்னொரு வாய் எடுத்து மெதுவாக மென்றார்.

"ஏ, இந்தா. உப்பு கம்மியா இருக்கே."

கஞ்சியில் உப்பில்லை என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. ஈரக் கையோடு அவர் எதிரில் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னொருக்காச் சொல்லுங்க" என்றேன்.