பெயரைச் சொன்ன மேடை

நீங்களே சாட்சியாக இருங்கள்! கைதட்டலுக்காக ஒருவனுடைய பெயரை விற்றவன் நான்.

அவனை இங்கே ‘அவன்’ என்றே குறிப்பேன். காரணம் பின்னர் விளங்கும்.

கல்லூரி வாதப்போட்டிகளில் என்னை வென்றவர் இலர்! அந்தப் பெருமையோடுதான் ஊராட்சி ஒன்றியத்தின் திட்டமொன்றுக்கு அமைப்பாளரானேன். கூடலூரிலிருந்து மலைப்பாதை வழியே கேரளத்துக்கு அரிசி கடத்திய இளைஞர்களை மீட்டு, பட்டறைகளில் தொழில் பழகச் சேர்ப்பதே திட்டம். அவர்களுடைய பழைய கதையை எவரிடமும் சொல்லலாகாது என்பது அதன் முதல் விதி. அதை வகுத்தவன் யார்? நானே!

எத்தனை பட்டறைகள் ஏறி இறங்கினேன்! எத்தனை முதலாளிகளைப் பேசியே இணங்க வைத்தேன்! மலைக்கு ஓடிய கால்கள் பட்டறைக்கு நடந்தன. கிணற்று மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றும் பட்டறையில் அவன் சேர்ந்தான். வெகு விரைவில் கைதேர்ந்தான்.

ஆண்டு விழா வந்தது. முன்வரிசையில் கலெக்டர். ஒலிபெருக்கி என் குரலைக் கடைவீதி முழுவதும் சுமந்து சென்றது. அடடா, அந்தக் கணம்! இன்று நினைத்தாலும் உடல் சிலிர்க்கிறதே... அந்தச் சிலிர்ப்புத்தானே என் குற்றத்தின் வேர்?

முதலாளியின் அருகே அவன் அமர்ந்திருந்தான். என் பேச்சுக்கோ ஒரு முத்தாய்ப்பு தேவைப்பட்டது.

“நேற்று இவன் தலையில் கடத்தல் அரிசி! இன்று இவன் கையில் செம்புக் கம்பி!” என்று முழங்கினேன். அவன் பெயரையும், தந்தை பெயரையும் சேர்த்தே சொன்னேன். பந்தல் அதிர்ந்தது! அவன் தலை கவிழ்ந்தான். நாணம் என்று எண்ணினேன்... எத்தகைய மூடன்!

மறுநாளே முதலாளி அவனை நிறுத்திவிட்டார். ஓடிச்சென்று வாதாடினேன்.

“நீங்க நல்லாத்தான் பேசுனீக தம்பி. ஆனா வெள்ளாம பாக்குற சம்சாரிக எங்கள நம்பி மோட்டார விட்டுட்டுப் போறாக. இனி கம்பி ஒரு முழம் கொறஞ்சாலும் இவனத்தான பாப்பாக?”

எதிரணிகளைத் தூளாக்கிய நாவையே நம்பிக் கம்பம், உத்தமபாளையம் என்று வேறு பட்டறைகளைத் தேடி அலைந்தேன். எங்கும் அந்தப் பெயர் எனக்கு முன்னே போய்ச் சேர்ந்திருந்தது!

பிறகு ஒருநாள் கூடலூர் ஜீப் நிறுத்தத்தில் அவனைக் கண்டேன். காலடியில் அரிசி மூட்டை.

“வாங்கண்ணே! அன்னைக்குக் கைதட்டு சும்மா பிச்சுக்கிருச்சுல்ல?” என்று சிரித்தான்.

“மன்னித்துவிடு” என்றேன். குரல் எழும்பவில்லை.

“என்னண்ணே, மைக்கு இல்லாம பேச வரலையாக்கும்?”

மூட்டையை ஜீப்புக்குள் தூக்கிப் போட்டுவிட்டுத் தானும் தொற்றிக்கொண்டான். வண்டி கேரளம் செல்லும் குமுளிச் சாலையில் நகர்ந்தது. பின்னாலேயே ஓடினேன். நிறுத்தமே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்:

“உன் பேர இனி எந்த மேடையிலயும் சொல்ல மாட்டேன்! எங்கயுமே சொல்ல மாட்டேன்!”